கேக் அலங்கார வகுப்புக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி (திருப்பூரிலிருந்து ஒரு வாசகி), ஏப்ரல் 4
ஓவன் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கேக் நன்றாகவே வருகிறது. ஐசிங் வைக்க ஆரம்பித்தால்தான் எல்லாம் போச்சு. துகள் க்ரீமில் கலந்து அழுக்காகத் தெரிகிறது, ஓரம் சரிகிறது. ஜூனில் மகளுக்குப் பிறந்தநாள். கோவையில் ஆரம்பநிலை வகுப்பு, ஒரே நாள், 2,500 ரூபாய் என்கிறார்கள். யூடியூபில் எல்லாம் சும்மா கிடைக்கும்போது இது தண்டச்செலவு என்கிறார் கணவர். போகலாமா?

ஏப்ரல் 4
இப்போதைக்குக் கட்டாதீர்கள். வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு தொல்லையும் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே தீரக்கூடியவை. அதை முடித்துவிட்டு, அதற்கு மேல் கை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்த பிறகு போனால் அந்த 2,500 ரூபாய் வசூலாகும். இப்போதே போனால் பாதி நாள் துகளோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

ஏப்ரல் 4, இரவு
"ஃப்ரிட்ஜில் எப்படித் தீரும், அதையாவது சொல்லுங்கள்" என்கிறீர்கள். நியாயம்தான்.

சுட்ட அன்றே கேக்கை அடுக்காக வெட்டாதீர்கள். முழுக்க ஆறவிட்டு, க்ளிங் ஃபிலிம் சுற்றி, ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வெட்டுங்கள். பல் வைத்த ரொட்டிக் கத்தி இருந்தால் நல்லது. துகள் பாதிக்கு மேல் குறைந்துவிடும். அடுக்கி முடித்ததும், உள்ளே கேக் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு. இதுதான் க்ரம் கோட். மீதித் துகள் எல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு மேல் பூச்சு. முதல் பூச்சுக்கு வேண்டிய க்ரீமைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். துகள் ஒட்டிய கத்தியைப் பெரிய பாத்திரத்தில் திரும்ப விட்டால் செய்ததெல்லாம் வீண்.

ஓரம் சரிகிறது என்றால் சர்க்கரைப் பாகு அதிகம் ஊற்றியிருப்பீர்கள், அல்லது நடு அடுக்கில் க்ரீம் தடிமனாகப் போயிருக்கும். அன்னாசித் துண்டு வைத்தீர்களா? டப்பா அன்னாசியை வடிகட்டினால் மட்டும் போதாது, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரியில் அது தண்ணீர் விட்டு மேல் அடுக்கை நழுவ வைத்துவிடும்.

ஏப்ரல் 6
எந்த க்ரீம் என்று கேட்டதற்கு "அமுல் ஃப்ரெஷ் க்ரீம்" என்று பதில் வந்திருக்கிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது!

அதில் கொழுப்பு 25 சதவீதம். பனீர் பட்டர் மசாலாவுக்கும் ஃப்ரூட் சாலடுக்கும் அருமை. எவ்வளவு அடித்தாலும் விறைத்து நிற்காது. அதே நிறுவனத்தின் விப்பிங் க்ரீமில் 30 சதவீதம். அது நிற்கும். ஆனால் நம் ஊர் ஏப்ரல் மதியத்தில் ரொம்ப நேரம் தாங்காது. பேக்கரிகளிலும் வகுப்புகளிலும் பெரும்பாலும் பயன்படுத்துவது பால் சேராத விப்பிங் க்ரீம். தாவரக் கொழுப்பில் செய்தது, இனிப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும், உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும். முதல்நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கொஞ்சம் ஐஸ் துணுக்கு மிச்சம் இருக்கும்போதே அடிக்க ஆரம்பியுங்கள். பாத்திரமும் பீட்டர் கம்பியும் குளிர்ந்திருக்க வேண்டும். மூன்று நான்கு மடங்காக உப்பும். ஒரு கிலோ கேக்குக்கு 300 முதல் 400 கிராம் திரவக் க்ரீம் தாராளம்.

சுவை? பால் க்ரீமின் சுவை வராது, நாக்கில் ஒரு எண்ணெய்ப்பசை தங்கும். எனக்குப் பிடிக்காது. ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் நிற்கிற க்ரீம் வேண்டும். ருசி பிறகு.

பீட்டரைத் தூக்கிப் பாருங்கள். நுனி லேசாக வளைந்தால் பூசுவதற்குச் சரி. நேராக நின்றால் பூப் பிழியச் சரி. பொரிப் பொரியாகிவிட்டால் அளவு தாண்டிவிட்டது. தூக்கிப் போட வேண்டாம், அடிக்காத திரவக் க்ரீம் ஓரிரு கரண்டி விட்டு ஸ்பாட்டுலாவால் மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் மீண்டு வரும்.

ஆக, இதுவரை கணவர் பக்கம்தான் வெற்றி. இதெல்லாம் வீடியோவிலும் இருக்கிறது.

ஏப்ரல் 7
கணவரிடம் மேலே உள்ள கடைசி வரியைக் காட்டிவிட்டீர்களாமே! இனி அவர் சொல்கிற எல்லாவற்றுக்கும் என் பெயரைச் சாட்சி இழுப்பார்.

ஏப்ரல் 9
சரி, மறுபக்கம். வீடியோவில் இல்லாதது எது?

அழுத்தம். திரையில் ரோஜா விரிவது தெரியும். அந்தக் கை எவ்வளவு அழுத்துகிறது, எந்த நொடியில் அழுத்தத்தை விடுகிறது என்பது தெரியாது. பூவின் முடிவில் வால் மாதிரி ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள், அழுத்துவதை நிறுத்தாமலே கையை இழுத்தால் அப்படித்தான் வரும். நிறுத்து, பிறகு இழு. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ வீடியோக்களில் கேட்டிருக்கிறேன், கைக்கு ஏறவில்லை. வகுப்பில் அந்த அம்மா என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து அழுத்தி விட்டார். அப்போதுதான் புரிந்தது.

நான் போனவற்றில் ஒன்று டெமோ வகுப்பு. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, வரிசையாக நாற்காலிகள், முன்னால் ஒரு மேசை. மேடம் செய்தார், நாங்கள் செல்போனில் படம் பிடித்தோம். பின் வரிசைக்குத் தெரிந்தது முன் வரிசைக்காரர்களின் செல்போன்கள்தான். மதியத்துக்கு மேல் அது கடையாகவே மாறிவிட்டது. மோல்டு, ஸ்டென்சில், எசென்ஸ் என்று வாங்காமல் வெளியே வர முடியவில்லை. அச்சடித்த குறிப்புத் தாள் ஒன்று தந்தார்கள். அதில் இருந்தது எல்லாம் க்ரீம் பாக்கெட்டின் பின்பக்கத்திலும் இருக்கிறது.

இன்னொன்று ஒரு வீட்டில் நடந்தது. ஆறேழு பேர்தான். ஆளுக்கு ஒரு டர்ன்டேபிள் (கேக்கை வைத்துச் சுழற்றுகிற தட்டு), ஆளுக்கு ஒரு அரைக்கிலோ கேக். காலையிலிருந்து ஒரே வேலை: பூசு, வழி, மறுபடி பூசு. பூப் பிழிகிற நாசில், அதாவது க்ரீம் பையின் நுனியில் மாட்டுகிற குழல், கையில் வந்ததே மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான். எரிச்சலாக இருந்தது. ஆனால் கத்தியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு டர்ன்டேபிளைத்தான் சுழற்ற வேண்டும் என்பதை அங்கேதான் என் உடம்பு ஒப்புக்கொண்டது. அதுவரை நான்தான் கேக்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன். முழங்கையை உடம்போடு ஒட்டி வை, பைப்பிங் பேக்கை (க்ரீம் பிழிகிற பை) பாதிக்கு மேல் நிரப்பாதே, வலது கை அழுத்தட்டும், இடது கை வழி காட்டட்டும். இப்படிச் சின்னச் சின்னதாக.

ஒரு உதாரணம். ஒரே 1எம் நாசில் (நட்சத்திர வாய் உள்ள பெரியது), ஒரே க்ரீம். நடுவில் தொடங்கி வெளியே சுற்றினால் ரோஜா மாதிரி விரியும். வெளியே தொடங்கி உள்ளே சுற்றி மேலே ஏறினால் கப்கேக்கின் மேல் இருக்குமே, அந்தக் கூம்பு. இதைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். கை அதை நம்புவதற்கு ஒரு முழு மதியம் ஆனது.

ஏப்ரல் 10
வகுப்பில் அழுத்தம்தான் விஷயம் என்றால் மருதாணிக் கூம்பு பிடித்துப் பழகியவர்களுக்கு வகுப்பே வேண்டாமா என்று ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. எங்கள் வகுப்பில் மருதாணி போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். மெல்லிய கோடு, கொடி, புள்ளி எல்லாம் முதல் தடவையிலேயே அப்படி வந்தது, ஆசிரியையே நின்று பார்த்தார். ஆனால் பக்கவாட்டுப் பூச்சில் எங்களைப் போலத்தான் திணறினாள். கூம்பு பிடிக்கிற திறமையும், க்ரீம் பூசுகிற பேலட் நைஃப் பிடிக்கிற திறமையும் வேறு வேறு போல.

ஏப்ரல் 12
இடது கைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். டர்ன்டேபிளை எதிர்த்திசையில் சுற்றுங்கள். ஓர அலங்காரத்தை வலமிருந்து இடமாகப் பிழியுங்கள். எழுத்து மட்டும் எல்லாருக்கும் போல இடமிருந்து வலம்தான். வகுப்பில் ஆசிரியைக்குப் பக்கத்தில் நிற்காமல் எதிரே நில்லுங்கள். அவர் வலது கையால் செய்வது உங்களுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோலச் சரியாகப் பொருந்தும்.

ஏப்ரல் 15
4ஆம் தேதி சொன்னதைப் பற்றி மறுபடி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் அண்ணி போன வருடம் இப்படி ஒரு வகுப்புக்குப் போனார். வீட்டில் ஓவனே கிடையாது. முன்தயாரிப்பு கிடையாது, க்ரம் கோட் என்றால் என்னவென்று தெரியாது. என் கணக்குப்படி அது முழு வீண். ஆனால் அவர் திரும்பி வந்தபோது பேசிய பேச்சை நான் கேட்டிருக்கிறேன். மாமியார், குழந்தைகள், குக்கர் எதுவும் இல்லாமல், காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை தன் முன்னால் இருக்கிற ஒரு பொருளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாளாம் அது. அதற்குப் பிறகு அவர் கேக் பக்கமே போகவில்லை. அந்தப் பணம் வீண் என்று நான் சொன்னால் என் வாயில் அடிப்பார்.

அதனால் திருப்பூர் வாசகிக்கு: கற்றுக்கொள்ளவா, அல்லது ஒரு நாள் வெளியே போய் உட்காரவா? இரண்டாவதுதான் என்றால் என் அறிவுரை எதையும் படிக்க வேண்டாம். நாளைக்கே போங்கள்.

ஏப்ரல் 16
"இரண்டும்தான்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்திருக்கிறது. சரி, மேலே தொடர்கிறேன்.

ஏப்ரல் 18
பேச்சு பழைய பேக்கரி கேக்குக்குப் போய்விட்டது. அந்த இளஞ்சிவப்பு ரோஜா வைத்த கேக்! பல பேக்கரிகளில் அந்த ஐசிங் வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும்தான். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. ரோஜாவுக்காக நானும் தம்பியும் சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் இருவரில் ஒருவரும் அதை முழுதாகத் தின்றதில்லை.

அப்போது அந்தச் செர்ரியைப் பற்றியும் ஒருவர் கேட்டார். மேலே சிவப்பாக மின்னுவது பெரும்பாலும் செர்ரியே இல்லை. களாக்காய். கொட்டை எடுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். இதைச் சொன்னால் குழந்தைகள் முகம் வாடும், எனக்கென்னவோ களாக்காய்க்கு இப்படியும் ஒரு வாழ்வு கிடைத்ததே என்று சந்தோஷம்.

இதில் பயன்படுகிற விஷயமும் ஒன்று உண்டு. அதே வனஸ்பதிக் க்ரீம் பயிற்சிக்கு மிகவும் நல்லது. வனஸ்பதியும் ஐசிங் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் பிழியுங்கள், வழித்து மறுபடி பையில் போடுங்கள். சீக்கிரம் உருகாது, கெடாது. அசல் வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும், அதில் மே மாதம் கோவையிலோ திருப்பூரிலோ பழகுவது வேதனை. தினமும் பத்து நிமிடம் டிவி பார்த்துக்கொண்டே பிழியலாம். சாப்பிட வேண்டாம்.

ஏப்ரல் 21
உருளைக்கிழங்கு மசியலில் பழகலாம் என்று எங்கோ படித்தேன் என்கிறார் ஒருவர். பழகலாம். முடித்ததும் போண்டா போடலாம். ஆனால் கட்டி இருந்தால் நாசில் அடைக்கும், அழுத்தமும் வேறு. வனஸ்பதியே மேல்.

ஏப்ரல் 23
கேக்கின் மேல் தமிழில் எழுத எந்த வகுப்பிலாவது சொல்லிக்கொடுக்கிறார்களா? நான் பார்த்த வரை இல்லை. "ஹாப்பி பர்த்டே"யோடு சரி.

நம் எழுத்தில் சுழி அதிகம். க்ரீமில் சுழி சிறிதானால் அடைந்து ஒரே பொட்டாகிவிடும். 'இ'யும் 'ஞ'வும் சோதிக்கும். பெயரில் 'ஸ்ரீ' இருந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" முழுதாக அரைக்கிலோ கேக்கில் அடங்காது. பெயரை மட்டும் எழுதுங்கள். முதலில் பல் குச்சியால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள். 2 அல்லது 3ஆம் எண் வட்ட நாசில் வேண்டும், க்ரீம் கொஞ்சம் இளகலாக இருக்க வேண்டும். நாசில் நுனி கேக்கைத் தொடக் கூடாது. சற்று மேலே பிடித்தால் நூல் தானாக விழும், அதை நடத்திப் போனால் போதும். புள்ளியைக் கடைசியில் வையுங்கள்.

இன்னும் நிம்மதியான வழி, எழுத்தைத் தனியே ஒரு சாக்லெட் தகட்டில் எழுதி மேலே வைப்பது. கோணல் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம்.

ஏப்ரல் 24
நிறத்துக்கு ஜெல் கலர்தான், தண்ணீர்க் கலர் க்ரீமை இளக்கிவிடும். சிவப்பு வேண்டுமென்றால் முந்தின நாளே கலந்து வையுங்கள், நேரம் ஆக ஆக ஆழமாகும். உடனே வர வேண்டும் என்று கொட்டினால் கசக்கும்.

ஏப்ரல் 26
கேள்வி வேறு பக்கம் போகிறது. "ஒருநாள் வகுப்பில் என்ன வந்துவிடும், ஒரு மாதச் சான்றிதழ் படிப்பே சேர்ந்து தொழிலாகச் செய்யலாமே?"

எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பத்தில் இருப்பவருக்கு ஒரு நாள் போதும். மீதி வீட்டில் கை பழக வேண்டிய காலம், அதை யாரும் கட்டணம் வாங்கிக்கொண்டு தர முடியாது. ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்துகிற சர்க்கரை மாவு), மூன்றடுக்குக் கல்யாணக் கேக் எல்லாம் பூச்சு நேராக வந்த பிறகு. ஃபாண்டன்ட் ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்ததும் வியர்க்கும், சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் அது தனித் தலைவலி.

கேக் வாங்க வருகிறவர்கள் இதுவரை என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை. முட்டை இல்லாமல் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை பிறந்தநாள் என்றால் நிச்சயம். விற்பதானால் வேண்டியது வேறு காகிதம். வீட்டு அடுப்படியில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். சுடுவதையே முறையாகக் கற்க வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அடுமனைப் பொருள் பயிற்சி அவ்வப்போது நடக்கும். பிஸ்கட், ரொட்டி, கேக் என்று செய்முறைப் பக்கம் அது. ரோஜா பிழியக் கற்றுக்கொள்ள அங்கே போக வேண்டாம்.

ஏப்ரல் 29
திருப்பூர் வாசகி படம் அனுப்பியிருக்கிறார். துகள் இல்லை. ஓரம் நிற்கிறது. மேல் விளிம்பு மட்டும் கிண்ணம்போல உயர்ந்திருக்கிறது. அது இயல்பு, பக்கவாட்டில் பூசும்போது க்ரீம் மேலே ஏறி நிற்கும். அதை வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடைத்து, உள்ளே இழுக்க வேண்டும். இதற்குத்தான் வகுப்பு. இப்போது போகலாம்!

கட்டுவதற்கு முன் போனில் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கேக்கா, இரண்டு பேருக்கு ஒன்றா? இரண்டு பேருக்கு ஒன்று என்றால் தைரியசாலி செய்வார், நீங்கள் கிண்ணம் பிடிப்பீர்கள். எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் நான் யோசிப்பேன். க்ரீமை நம்மையே அடிக்க விடுவார்களா, அடித்து வைத்துத் தருவார்களா? இது முக்கியம். தயாராகத் தந்தால் கேக் அழகாக வரும், வீட்டுக்கு வந்ததும் க்ரீம் காலை வாரும். அறையில் ஏ.சி. உண்டா என்பதையும் கேளுங்கள். இருந்தால் நல்லதுதான், ஆனால் உங்கள் சமையலறை அப்படி இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். "எத்தனை டிசைன் சொல்லித் தருவீர்கள்" என்று கேட்கவே வேண்டாம். பதினைந்து டிசைன் என்று சொல்கிற இடம் டெமோவாகத்தான் இருக்கும்.

மே 2
ஆளுக்கு ஒரு கேக், ஏழு பேர், க்ரீம் நாமே அடிக்க வேண்டும். பணம் கட்டியாகிவிட்டது என்று சேதி. கணவர் என்ன சொன்னார் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 3
கேட்டதற்குப் பதில்: வீட்டில் பழகிய பேலட் நைஃபையே எடுத்துப் போங்கள். பழைய பருத்தித் துண்டு இரண்டு. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடி வளையலைக் கழற்றிவிடுங்கள், பைப்பிங் பேக்கைப் பிடிக்கும்போது இடிக்கும்.

செய்த கேக்கைத் திருப்பூருக்குக் கொண்டுவருவது பற்றி. மே மாத மாலையில் பஸ் என்றால் வேண்டாம். ரயிலில் வருவீர்கள் என்றால், தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக் வைத்து, கேக் பெட்டியின் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புத் துண்டு போட்டுக் கொண்டுவரலாம். மடியில் வைக்காதீர்கள். மடி சமதளம் இல்லை, உடம்புச் சூடு வேறு. காலடியில் தரையில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், அதற்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே வெட்டி ஏழு பேரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மகளுக்குத்தான் ஜூனில் வேறு வருகிறதே.